அப்பாவுக்குப் பதிலாக யார் பேசுவது? கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம், கடைசிக் கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸில் நர்ஸாக முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முதியோர் பராமரிப்பு பற்றியும் கடைசிக் காலம் பற்றியும் நீங்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அப்பாவுக்கு 81 வயது. "மூச்சு நின்றால் என்னை மெஷினில் போடாதே" என்கிறார். எழுதி வைத்தால் செல்லுமா? (பீனிக்ஸ்)

தம்பி, எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் காகிதத்துக்கு லிவிங் வில் என்று பெயர். அதற்கென்று தென்னாப்பிரிக்காவில் தனிச்சட்டம் கிடையாது. அதற்காக அந்தக் காகிதம் வீண் என்று நினைக்காதீர்கள். நம் டர்பனிலேயே டாக்டர் கிளார்க் என்பவருக்கு 1988-இல் இதயம் நின்று, மூளை பாதித்து, நினைவு திரும்பவே இல்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. அவர் முன்பே லிவிங் வில் எழுதியிருந்தார். அவர் மனைவி நீதிமன்றம் போனார். அந்த உணவை நிறுத்தச் சொல்வது தவறாகாது என்று 1992-இல் தீர்ப்பு வந்தது.

ஆனால் அதைவிட முக்கியமாக இன்னொரு காகிதம் வேண்டும். "என்னால் பேச முடியாமல் போனால், என் சிகிச்சைக்கு இன்னார் சம்மதம் சொல்லட்டும்" என்று அப்பா கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடட்டும். தேசிய சுகாதாரச் சட்டம் (2003) அதை ஏற்கிறது. அப்படி யாரையும் எழுதாவிட்டால் கணவன் அல்லது மனைவி, பெற்றோர், தாத்தா பாட்டி, வளர்ந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று சட்டமே வரிசை போட்டு வைத்திருக்கிறது. பிள்ளைகளில் யார் முதலில் என்று அது சொல்வதில்லை. என் பெரியம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது மூன்று மகன்களும் ஆஸ்பத்திரி வராண்டாவில் ஆளுக்கொரு முடிவு சொல்லிச் சண்டை போட்டார்கள். பெரியம்மா ஒரு பெயர் எழுதியிருந்தால் போதும், அந்த இரவு அப்படிப் போயிருக்காது.

அம்மா எனக்கு பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்திருக்கிறார். மறதி நோய் வந்தாலும் பாங்க் வேலைகளைப் பார்க்கலாம்தானே? (டோங்காட்)

முடியாது. இந்த நாட்டில் எழுதிக் கொடுத்தவருக்கு புத்தி தெளிவு போனவுடன் அந்தப் பவரும் போய்விடும். அப்புறம் அம்மாவின் பணம், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்க வேண்டும்: மாஸ்டர் அலுவலகம் (உயர் நீதிமன்றத்தைச் சேர்ந்த, சொத்து விஷயங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) வழியாக நிர்வாகி, அல்லது நீதிமன்றம் வழியாக க்யூரேட்டர் என்று அலைய வேண்டும். அம்மா தெளிவாக இருக்கும்போதே வக்கீலைப் பாருங்கள்.

வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போகிறோம். அம்மா முதியோர் இல்லம் வேண்டாம் என்கிறார். சேர்த்துவிடலாமா? (வெருலம்)

அவர் சுயநினைவோடு வேண்டாம் என்றால் சேர்க்க முடியாது. 2006-ஆம் ஆண்டின் முதியோர் சட்டப்படி அவர் சம்மதம் வேண்டும். சட்டம் இருக்கட்டும், ஏன் வேண்டாம் என்கிறார் என்று உட்கார்ந்து கேட்டீர்களா? ஒரு அம்மா பயந்தது, காலையில் விளக்கேற்ற விடமாட்டார்கள் என்றுதான். இல்லத்தில் அவருக்கென்று ஒரு மூலை ஒதுக்கியதும் தானாகவே வந்துவிட்டார். சேர்ப்பது பாவமும் இல்லை. சாட்ஸ்வர்த்தின் ஆரியன் பெனவலன்ட் ஹோம் 1921-இல் தொடங்கியது. நம்மவர்களுக்கு இது புதிய வழக்கமில்லை. ஆனால் போகும் முன் அவரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

ஊசி போட்டு நிம்மதியாக அனுப்பிவிட முடியுமா?

சட்டம் அனுமதிக்கவில்லை. 2015-இல் பிரிட்டோரியா நீதிமன்றம் ஒரு நோயாளிக்கு அனுமதி கொடுத்தது. அதற்குச் சில மணி நேரம் முன்பே அவர் இறந்திருந்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனால் இதைக் கேட்பவர்களில் பலர் வலி தாங்காமல்தான் கேட்கிறார்கள். மார்ஃபினை அளவு பார்த்து ஏற்றினால் வலி அடங்கும், உயிர் போகாது. அதை ஹாஸ்பிஸில் கேளுங்கள்.

பாட்டி நாலு நாளாகச் சாப்பிடவில்லை. பட்டினி போடுகிறோம் என்று உறவினர்கள் பேசுகிறார்கள்.

அம்மா, உங்கள் மீது தவறில்லை. உடம்பு மூடிக்கொண்டு வரும்போது பசி எடுக்காது. வற்புறுத்தி ஊட்டும் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். ஈரப் பஞ்சால் வாயை அடிக்கடி துடையுங்கள், உதட்டில் வாசலின் தடவுங்கள். பால் விட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், பஞ்சில் தொட்டு உதட்டை நனைத்தால் போதும். பக்கத்தில் தேவாரம் பாடுங்கள், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். காது கடைசிவரை கேட்கும் என்றுதான் நான் எப்போதும் நடந்துகொண்டேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது?

புரட்டாசி சனிக்கிழமை சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஆரம்பியுங்கள். சாவைப் பற்றிக் கேட்க வேண்டாம். "அப்பா, உங்களால் பேச முடியாத நாள் வந்தால், உங்களுக்காக யார் பேசணும்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அன்றைக்கே எழுதி வாங்குங்கள்.