ஹெல்சிங்கி – டோக்கியோ விமானப் பயணம்: கேள்வி பதில்

கேள்வி: பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கி.மீ. என்று இணையத்தில் இருக்கிறது. விமான வேகம் மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 9 மணி நேரம்கூட ஆகாது. டிக்கெட்டில் 13 மணி நேரம் என்கிறார்களே, எது சரி சார்?

பதில்: இரண்டும் சரிதான். 7,800 என்பது உருண்டைப் பூமியின் மேல் அளந்த மிகக் குறைந்த தூரம். அந்தக் கோட்டின் பெரும்பகுதி ரஷ்யாவுக்கு மேலே போகிறது. 2022 தொடக்கம் வரை அப்படித்தான் பறந்தார்கள். ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து ஒன்பதரை மணி நேரம் ஆகும். உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வான்வழியை அடைத்தது, ரஷ்யாவும் பதிலுக்கு அடைத்தது. இப்போது சுற்றித்தான் போகவேண்டும். தூரம் காட்டும் தளங்களை நம்பிப் பயண நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: எந்தப் பக்கமாகச் சுற்றுகிறார்கள்?

பதில்: இரண்டு வழி உண்டு. தெற்கே போனால் கருங்கடல், காஸ்பியன், மத்திய ஆசியா, சீனா, கொரியா. வடக்கே போனால் வட துருவம், அலாஸ்கா ஓரம், பெரிங் நீரிணை, பிறகு பசிபிக். அன்றைய காற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் ஜெட் காற்று போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானம் பெரும்பாலும் துருவப் பக்கம் ஒதுங்கிவிடும்.

கேள்வி: துருவத்தின் மேலே எரிபொருள் உறைந்துவிடாதா?

பதில்: நல்ல கேள்வி. ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி. வெளியே அதைவிடக் குளிராகவும் இருக்கும். ஆனால் தொட்டிக்குள் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும், விமானி அதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருப்பார். ரொம்பக் குறைந்தால் உயரத்தைக் குறைப்பார், அல்லது வேகத்தைக் கூட்டுவார். காற்று உரசும் சூட்டில் இறக்கை கொஞ்சம் வெதுவெதுப்பாகும். அப்புறம் ஒரு செய்தி: இந்த வழி புதிதில்லை. சோவியத் காலத்தில் குறுக்கே போக வழியில்லாததால், பின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் 1983-இல் டிசி-10 விமானத்தைத் துருவத்தின் மேலாகவே டோக்கியோவுக்கு நிற்காமல் விட்டது. அன்றும் ஏறத்தாழ 13 மணி நேரம்தான்!

கேள்வி: டோக்கியோவில் இரவு 10 மணிக்கு ஏறினால் அதிகாலை 4 மணிக்கு ஹெல்சிங்கி. ஆறு மணி நேரம்தானா?

பதில்: இல்லை, 13 மணி நேரம். குளிர்காலத்தில் டோக்கியோ 7 மணி நேரம் முன்னால் இருக்கிறது. கோடையில் பின்லாந்து கடிகாரத்தை நகர்த்தும், ஜப்பான் நகர்த்தாது. அப்போது வித்தியாசம் 6.

கேள்வி: டோக்கியோவின் இரண்டு விமான நிலையங்களில் எதில் இறங்கலாம், நரிதாவா, ஹனேடாவா?

பதில்: கட்டணம் ஒன்றென்றால் ஹனேடா. நரிதா நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ.