நங்கூரம் போடுவதா, படகை நீரோட்டத்தில் விடுவதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் விடுமுறையில் அலாஸ்காவின் ஹோமர் நகரில் சிறு படகு எடுத்து ஹாலிபட் பிடிக்கப் போகிறோம். நங்கூரம் போட்டுப் பிடிப்பதா, படகை நீரோட்டத்தில் விட்டுப் பிடிப்பதா? (ஈசூன்)

மீன் கிடக்கும் இடம் தெரிந்தால் நங்கூரம் போடுங்கள். தெரியாவிட்டால் படகை விட்டுத் தேடுங்கள். ஹாலிபட் கடலடியில் ஒட்டிக் கிடக்கும் தட்டை மீன், மோப்பத்தில் கெட்டிக்காரி. படகு ஓரிடத்தில் நின்றால் இரையின் வாடை நீரோட்டத்தோடு நீளமாகப் பரவும். தொலைவில் கிடக்கும் மீனும் அந்த வாடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டத்தை எதிர்த்து வந்து சேரும். அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றத் துடிப்பவர் நங்கூரத்தைத் தொடவே வேண்டாம்.

நீரோட்டத்தில் விடும்போது மேடு, சரிவு என்று பல இடங்களைத் தொட்டுப் பார்க்கலாம். கடி விழுந்த இடத்தை ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொண்டு, ஓட்டத்துக்கு மேற்புறம் திரும்பிப் போய் அதே கோட்டில் மறுபடி விடுங்கள். படகின் வேகம் ஒரு நாட், அதாவது மணிக்கு சுமார் 1.85 கிலோமீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ஈயம் தரையை விட்டு எழும்பிவிடும். தரையைத் தொடாத இரை ஹாலிபட்டுக்குப் பெரும்பாலும் பயன்படாது.

ஹோமர் இருக்கும் குக் இன்லெட் என்ற வளைகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் 6 மீட்டருக்கு மேல்கூட மாறும். நடு ஓட்டத்தில் எந்த முறையும் சரிப்படாது. நீர் நின்று திரும்பும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் தான் உங்கள் நேரம். வெளியூரிலிருந்து போகும் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒவ்வொருவரும் அலாஸ்கா மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும்.

சிறு படகில் நங்கூரம் போடுவது ஆபத்து என்கிறார்களே? (செங்காங்)

உண்மைதான். இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் கொடுக்க விரும்புகிறேன்.

நங்கூரக் கயிற்றை எப்போதும் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் கட்டினால், எஞ்சினின் எடையால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பகுதியைக் கயிறு இன்னும் கீழே இழுக்கும். ஓட்டம் வலுத்தால் தண்ணீர் பின்சுவரைத் தாண்டி உள்ளே பாயும். சிறு படகு மூழ்க அது போதும்.

கயிற்றின் நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. 50 மீட்டர் ஆழத்துக்கு 150 மீட்டர் கயிறு என்பது அமைதியான நீரில் குறைந்தபட்சக் கணக்கு. காற்றடித்தால் இன்னும் வேண்டும். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே சில மீட்டர் சங்கிலி இருந்தால்தான் நங்கூரம் படுத்துத் தரையைக் கவ்வும்.

தூக்குவதற்குப் பெரிய மிதவையும் வளையமும் வைத்துக்கொள்வது அலாஸ்காவில் வழக்கம். வளையத்தைக் கயிற்றில் மாட்டி, படகைச் சற்றுப் பக்கவாட்டாக மெதுவாக முன்னே செலுத்தினால், மிதவையே நங்கூரத்தை மேலே கொண்டுவந்துவிடும். அந்த நேரத்தில் ஒருவர் கண் கயிற்றிலேயே இருக்க வேண்டும். புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டால், பின்பக்கம் நங்கூரமிட்ட அதே நிலைக்குப் படகு வந்துவிடும். கயிற்றை வெட்ட ஒரு கூர்மையான கத்தி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். நங்கூரம் போனால் போகட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுப் பக்கம் இதைப் பழகிப் பார்க்கலாமா? (பாசிர் ரிஸ்)

தாராளமாக. குளிர்கடல் ஹாலிபட் இங்கே இல்லை. ஆனால் சந்தையில் மலாய்க்காரர்கள் இக்கான் செபெலா என்று விற்கும் தட்டை மீன்கள் நம் சேற்றுத் தரையில் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் கடுமையாக இருக்கும். அட்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம், ஆனால் நங்கூரமிட்டுப் பழக நவமி, தசமியைப் போன்ற நாள்கள் கிடையாது. அப்போதுதான் ஓட்டம் மிகவும் தளர்ந்திருக்கும்.

எஞ்சின் படகை ஓட்ட உரிமம் வேண்டும். கப்பல் செல்லும் வழியிலும், கடலடிக் கேபிள்கள் போகும் இடங்களிலும் நங்கூரம் போடக் கூடாது. வரைபடத்தில் அவை குறிக்கப்பட்டிருக்கும், பார்க்காமல் கிளம்பாதீர்கள். பவளப்பாறை மீதும் போடாதீர்கள். ஒரு நங்கூரம் உடைத்ததை அது மீண்டும் வளர்த்தெடுக்க ஆண்டுக்கணக்காகும்.

காற்று ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம் இழுத்தால்? (பிடோக்)

கடல் பாராசூட் ஒன்றை, அதாவது நீருக்குள் குடைபோல் விரியும் துணியை, கயிற்றில் கட்டி நீரில் விடுங்கள். காற்றின் பிடி குறையும், படகு ஓட்டத்தோடு போகும். எல்லோரும் ஒரே பக்கத்திலிருந்து தூண்டில் போடுங்கள். நூல் படகுக்கு அடியில் போய்ச் சிக்காது.

நங்கூரத்தில் நிற்கும்போது மிகப் பெரிய மீன் மாட்டினால் என்ன செய்வது? (உட்லண்ட்ஸ்)

வட்டமுள், அதாவது நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள், போட்டிருந்தால் வெட்டி இழுக்காதீர்கள். நூல் இறுகும்வரை நிதானமாகச் சுற்றுங்கள், முள் தானே வாயோரத்தில் ஏறும். மீன் ஓடத் தொடங்கினால் நங்கூரக் கயிற்றை மிதவையோடு அவிழ்த்து விட்டுவிட்டு மீனின் பின்னால் போங்கள். மிதவையை அப்புறம் வந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்காகவே கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டு வையுங்கள்.

45 கிலோவைத் தாண்டிய ஹாலிபட் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும் பெண் மீன்கள். படகின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, நீரிலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். வைத்துக்கொள்வதானாலும் உயிரோடு படகுக்குள் ஏற்றாதீர்கள். அதன் வால் அடித்தால் கால் எலும்பு முறியும்.