இலக்கணம் சரி, பத்தி ஏன் சேரவில்லை?

கேள்வி: பாலக்கோடு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். நர்சிங் முடித்து, கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதியதில் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றும் தேறிவிட்டன. ரைட்டிங்கில் மட்டும் ஒன்பதுக்கு 5.5. "இலக்கணப் பிழை அதிகம் இல்லை, ஆனால் பத்தியாகச் சேரவில்லை" என்கிறார்கள் கோச்சிங் சென்டரில். கட்டுரைகளை மனப்பாடம் செய்தும் பயனில்லை. நான் எழுதிய ஒரு பத்தியை இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும் அக்கா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் பத்தியைப் பலமுறை படித்தேன். நோயைக் குணப்படுத்துவதைவிட வராமல் தடுப்பதற்கே அரசு அதிகம் செலவிட வேண்டுமா என்பது தலைப்பு. நீங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வருகிறது: ஆரோக்கியமே மனிதனுக்குச் செல்வம். வருமுன் காப்பது நல்லது. இன்று மருத்துவச் செலவு அதிகம். கொரோனாவில் பலர் இறந்தார்கள். மக்கள் உடற்பயிற்சி செய்ய வேண்டும். அரசு பல திட்டங்களைக் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே ஆரோக்கியம் முக்கியம்.

ஏழு வாக்கியத்திலும் பிழை இல்லை. ஆனால் எதை எடுத்து எங்கே மாற்றி வைத்தாலும் படிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கோளாறு அங்கேதான் இருக்கிறது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் இரண்டு 'கூறியது கூறல்', 'மற்றொன்று விரித்தல்'. உங்கள் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒன்றையே சொல்கின்றன. நடுவில் உடற்பயிற்சியும் கொரோனாவும் வேறு வேறு கட்டுரைக்குப் போகின்றன. ஆங்கிலத்தில் பத்திக்கென்று விதிகளை முறையாகத் தொகுத்தவர் ஸ்காட்லாந்துக்காரரான அலெக்சாண்டர் பெயின். 1866இல் அவர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: பத்தி எதைப் பற்றியது என்பதை முதல் வாக்கியம் காட்ட வேண்டும், மற்றவை அதைவிட்டு விலகக்கூடாது.

உங்களுக்கு இது கைவராத வித்தை அல்ல. நைட் ட்யூட்டியில் டாக்டருக்கு எப்படிப் போன் செய்வீர்கள்? "நாலாம் பெட் பேஷண்டுக்கு பிபி இறங்கிக்கொண்டே போகிறது சார். இன்று காலை சிசேரியன் ஆனவர். பேட் நனைந்துகொண்டே இருக்கிறது, பிளீடிங் அதிகம் என்று நினைக்கிறேன். உடனே வர முடியுமா?" நாலே வாக்கியம். நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, என்ன வேண்டும் என்பது. நர்சிங்கில் எஸ்பிஏஆர் என்று இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் "ஆரோக்கியமே செல்வம்" என்று நீங்கள் தொடங்குவதில்லை, அந்தப் பேஷண்டின் ஊர்ப் பெருமையையும் சொல்வதில்லை. என்ன சொல்லப்போகிறோம் என்பது போனை எடுக்கும் முன்பே உங்களுக்குத் தெரியும். கட்டுரையில் அது தெரியாமலே பேனாவை எடுத்துவிடுகிறீர்கள்.

அதே தலைப்பு, தடுப்புக்கே முதலிடம் என்ற அதே கட்சி (வாதத்தில் நீங்கள் நிற்கும் பக்கம்). உங்கள் ஊரை வைத்து எழுதிப் பார்ப்போம்.

"சில நோய்கள் வந்துவிட்டால் எவ்வளவு செலவழித்தாலும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பாது. அப்படிப்பட்ட நோய்களுக்காவது தடுப்புக்கே முதலில் பணம் ஒதுக்க வேண்டும். நான் பிறந்த தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரோசிஸ் அப்படி ஒரு நோய். இங்கே பாறையிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. ஃபுளோரைடு மிகுந்த நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் கறை படியும், நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். இறுகிய மூட்டைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. அதனால் 2013 முதல் ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வரும் காவிரி நீர், எந்த மருத்துவமனையும் செய்ய முடியாததைச் செய்கிறது."

எப்படி நகர்கிறது பாருங்கள். முதல் இரண்டு வாக்கியங்களில் உங்கள் கட்சி வந்துவிட்டது. 'அப்படி எந்த நோய்?' என்று படிப்பவர் கேட்பார், அடுத்த வாக்கியம் பெயரைச் சொல்கிறது. 'எதனால் வருகிறது?' பாறை, நீர். 'வந்தால் என்ன ஆகும்?' பல், எலும்பு. ஒரு வாக்கியம் விட்ட இடத்தை அடுத்தது பிடித்துக்கொள்கிறது, அந்தாதியில் அடியின் கடைசிச் சொல் அடுத்த அடிக்கு முதலாவதுபோல. ஃபுளோரைடு, ஃபுளோரைடு மிகுந்த நீர், இறுகும், இறுகிய மூட்டு. இந்தப் பிடி இருந்தால் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' எல்லாம் வாக்கியத்துக்கு வாக்கியம் தேவைப்படாது. பிடி இல்லாத இடத்தில் அவற்றை ஒட்டவைத்தாலும் நிற்காது. உங்கள் பத்தியில் 'மோர்ஓவர்' மூன்று தடவை வருகிறது, மூன்றையும் அடித்துவிடலாம்.

இந்தத் தேர்வின் கேள்வித்தாளே, உங்களுக்குத் தெரிந்ததிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் உதாரணம் தரச் சொல்கிறது. அப்படியிருக்க, ஏதோ ஒரு பல்கலைக்கழக ஆய்வில் 80 சதவீதம் என்று இல்லாத கணக்கை எழுதச் சொல்லிக்கொடுப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. அது பொய், பொய்யை எழுதிப் பழக வேண்டாம். வார்டில் தினமும் பார்க்கிற உங்களிடம் உண்மையே வேண்டிய அளவு இருக்கிறது. "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கும் மனப்பாட முன்னுரையையும் விட்டுவிடுங்கள். திருத்துபவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள், அதற்கு மதிப்பெண் கிடைக்காது.

இன்னொன்று. தமிழில் முழு வாக்கியமாக யோசித்து ஆங்கிலத்தில் மாற்றாதீர்கள். 'போய், பார்த்து, கேட்டு, வந்து' என்று வினையெச்சங்களை அடுக்கிக் கடைசியில் முடிப்பது நமக்கு இயல்பு. அதை அப்படியே மாற்றினால் 'அண்ட்' போட்டு நீளும் வாக்கியமாகிவிடுகிறது. கட்சியைத் தமிழில் முடிவுசெய்யுங்கள், வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே தொடங்குங்கள்.

தேர்வுக் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான்: இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல், முதல் பகுதியைவிட இரண்டு மடங்கு மதிப்பு. முதல் ஏழெட்டு நிமிடம் கட்டுரையை எழுதவே வேண்டாம். உங்கள் முடிவு, அதற்கான இரண்டு காரணங்கள், காரணத்துக்கு ஒரு உதாரணம், இவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முன்னுரை இரண்டு மூன்று வாக்கியம் போதும், முடிவுரை அதைவிடச் சிறிதாக இருந்தாலும் குற்றமில்லை. நடுவில் வரும் இரண்டு பத்திகள்தான் கட்டுரை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படியுங்கள். வாதம் அதிலேயே புரிந்தால் கட்டுமானம் சரி.

நைட் ட்யூட்டி முடிந்து வந்து முழுக் கட்டுரை எழுத உடம்பு இடம் கொடுக்காது. இப்போதைக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு பத்தி எழுதுங்கள். அன்றே திருத்த வேண்டாம். மறுநாள் வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஓரத்தில் தமிழிலேயே எழுதுங்கள். கேள்வி கிடைக்காத வாக்கியத்தை அடியுங்கள், எவ்வளவு அழகான ஆங்கிலமாக இருந்தாலும். அப்படி ஒரு மாதம் போன பிறகு முழுக் கட்டுரைக்கு வாருங்கள்.

அதுவரை அடுத்த தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டாம். ஃபுளோரைடு பத்திக்கு அடுத்து உங்கள் இரண்டாவது காரணம் என்ன என்பதைப் பத்தியாக எழுதி எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.