ஞாயிற்றுக்கிழமை எங்கே போய் உட்காருவது?

கேள்வி: கடலூர் செம்மண்டலத்தில் குடியிருக்கிறோம். நான் புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் 6 நாள் பஸ்ஸில் போய் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சமையல், துணி எல்லாம் முடித்தால் அரை நாள் மிஞ்சும். கணவர், 7 வயது மகள், முட்டிவலி உள்ள மாமியார் எல்லோருமாகப் பாண்டிச்சேரி பீச்சுக்குப் போனால் வெளியூர்க் கூட்டத்தில் சிக்கி, போனதைவிட அலுப்பாகத் திரும்புகிறோம். செலவு அதிகம் இல்லாமல், அமைதியாக உட்கார்ந்துவிட்டு வர இடம் சொல்லுங்கள்.

பதில்: புதுச்சேரித் தெருக்களில் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய் ஊரைக் காட்டுவது என் தொழில். வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு நான் சொல்கிற பட்டியலை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அவர்கள் இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது, ஊர் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. அதனால் இடத்தை மாற்றுவதற்கு முன்னால் நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பாதி அலுப்பு அதிலேயே போய்விடும்.

முதலில் கடற்கரைச் சாலையையே எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. குழந்தையைக் கையில் பிடிக்காமல் நடக்கவிடக்கூடிய சாலை இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது? கூட்டத்துக்கு பயந்து அதை விட்டுவிட வேண்டாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் வெள்ளி இரவோ சனிக்கிழமையோ வந்து இறங்குகிறார்கள். சனி, ஞாயிறு சாயங்காலங்களில்தான் நெரிசல் உச்சத்தில் இருக்கும். செவ்வாய், புதன் சாயங்காலம் அதே சாலையில் உள்ளூர்க்காரர்கள் காலாற நடந்துகொண்டிருப்பார்கள்.

நீங்கள்தான் தினமும் அங்கே வேலைக்கு வருகிறீர்களே. மாதத்தில் ஒரு புதன்கிழமை கணவரும் மகளும் மாமியாரும் சாயங்கால பஸ் பிடித்து உங்களிடம் வந்துவிடட்டும். 6 மணிக்குச் சந்தித்தால் 8 மணிக்குத் திரும்பலாம். வீட்டிலிருந்தே ஒரு டப்பாவில் ஏதாவது கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். செலவு பஸ் கட்டணத்தோடு முடிந்தது. மகளுக்கு மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கிறதே என்று தயங்காதீர்கள். இரண்டு மணி நேரம் ஓடி விளையாடிய குழந்தை அன்றைக்கு நன்றாகத் தூங்கும்.

ஞாயிற்றுக்கிழமையை விட்டால் வழியில்லை என்றால் வழியையும் கொஞ்சம் மாற்றுங்கள். அன்றைக்கு மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறு சந்தை நடக்கும், ஊர் நடுவில் வண்டி நகராது. கடலூர் சாலையில் வந்து, தாவரவியல் பூங்காவை ஒட்டித் திரும்பி, சுப்பையா சாலை வழியாக ரயில் நிலையத்தைத் தாண்டினால் கடற்கரைச் சாலையின் தென்முனைக்கே வந்துவிடலாம். பிரெஞ்சு ஆளுநராக இருந்த தூய்ப்ளேயின் சிலை அங்கேதான் இருக்கிறது. கூட்டம் பெரும்பாலும் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த எட்டு கல்தூண்களுக்கு நடுவே இருக்கிற சிலை அது, எல்லோருக்கும் அங்கே ஒரு படம் எடுத்தாக வேண்டும். தென்முனையில் அவ்வளவு நெரிசல் இருக்காது. மாமியாரை அங்கே ஓர் இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, நீங்களும் மகளும் ஒரு நடை போய் வரலாம்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கடல் கிழக்கே இருப்பதால் சாயங்காலம் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிவிடும், சாலையில் நிழல் விழும். பகலில் நிலம் சூடாகி, மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே வரும். புதுச்சேரியின் தெருக்கள் கட்டம் கட்டமாக, நேர்கோட்டில் இருப்பதால் கிழக்கு மேற்காக ஓடும் தெருக்களில் அந்தக் காற்று தடையில்லாமல் நுழையும். ரங்கப்பிள்ளை வீதியில் நாலு மணிக்கு நடந்தால் முகத்தில் படும், வடக்கு தெற்காக ஓடும் மிஷன் வீதியில் அதே நேரத்தில் புழுங்கும். உங்கள் அலுவலகத் தெருவில் காற்றே இல்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தால் காரணம் இதுதான். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசுவதால் கடல்காற்று தாமதமாகத்தான் வரும். அந்த மாதங்களில் 5 மணிக்கே கடற்கரைக்குப் போய் வேர்த்துக்கொண்டு உட்காராதீர்கள், ஆறரைக்குப் போங்கள். தை, மாசியில் விடியற்காலைதான் சுகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனசைத் திடப்படுத்திக்கொண்டு இருட்டோடு கிளம்பிவிடுங்கள். சூரியன் கடலிலிருந்து எழும் நேரத்தில் வெளியூர்க்காரர்களில் பாதிப்பேர் விடுதியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பௌர்ணமியை நான் தனியாகச் சிபாரிசு செய்வேன். அன்றைக்கு சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே நிலா கிழக்கே கடலுக்கு மேல் எழும். மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். அந்த மறுநாள்தான் எனக்குப் பிடித்தது. வானம் நன்றாக இருட்டிய பிறகு செம்மஞ்சளாக நிலா மேலே வருவதைப் பார்க்கலாம். காலண்டரில் குறித்துவைத்துக்கொண்டு மகளிடம் நேரத்தை முன்னாலேயே சொல்லி வையுங்கள், அவளே மணி பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடலில் கால் நனைப்பதில் மட்டும் கவனம் வேண்டும். ஊருக்குள் இருக்கும் கரையில் பெரும்பகுதி பாறைதான். காரணம் இருக்கிறது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள் அந்த மணலை மறித்தன. வடக்கே இருந்த புதுச்சேரிக் கடற்கரை கரைந்துபோனது, அலையைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினார்கள். பிறகு 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு பெரிய இரும்பு அமைப்பை மூழ்கவைத்தார்கள். அந்தப் பக்கம் மணல் திரும்பி வந்தது. ஆகவே மணலில் விளையாட வேண்டுமென்றால் செயலகத்தின் பக்கம் போங்கள். பாறைமேல் குழந்தையை ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும். மணல் கரையிலும் கணுக்கால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அலை உடையாமல் தட்டையாகத் தெரியும் இடம் பார்க்கச் சாதுவாக இருக்கும். கடல் ஆளை உள்ளே இழுக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

சரி, கடற்கரையே வேண்டாம் என்கிற நாளில்?

முட்டிவலிக்காரருக்கு மணல் நல்லதில்லை, சமதளமும் சாய்ந்து உட்கார இருக்கையும் வேண்டும். அதற்கு பாரதி பூங்காதான் என் முதல் தேர்வு. பெரிய மரங்கள், நிழல், நடுவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். அந்த மண்டபம் பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. ஆயி என்ற தாசியின் வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் வணங்கிவிட்டாராம். உண்மை தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னாராம். அவள் தானே அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் மக்களுக்காகக் குளம் வெட்டினாள் என்பது கதை. பல நூற்றாண்டுக்குப் பிறகு, அந்தக் குளம் இருந்ததாகச் சொல்லும் முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிநீர் வந்தபோது அவள் பெயர் மண்டபத்துக்கு வந்தது. குளம் வெட்டியவளுக்கு ஒரு நாடு மண்டபம் கட்டியிருக்கிறது என்று மகளுக்கு அங்கேயே உட்கார்ந்து சொல்லுங்கள். மாமியாருக்கு இந்தக் கதை உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கவும் கூடும், அவர்களையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

பூங்காவுக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகம் இருக்கிறது. அதில் அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் பானை ஓடுகளையும் வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு இன்னொரு ஞாயிறு அரிக்கமேட்டுக்கே போகலாம். நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகிற அரியாங்குப்பத்திலிருந்து கொஞ்சம் உள்ளே, ஆற்றங்கரையில் இருக்கிறது. ரோமாபுரியோடு வாணிபம் செய்த துறை. 1945-ல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். தோண்டிய குழிகளை மூடிவிட்டதால் பெரிதாக எதையோ பார்க்கப் போகிறோம் என்று போனால் ஏமாற்றம்தான். பழைய செங்கல் கட்டடம் ஒன்று சிதைந்து நிற்கிறது, மரங்கள், ஆறு, அவ்வளவுதான். எனக்கு அந்த வெறுமை பிடிக்கும். இந்த ஊரைச் சுற்றி அப்படி ஒரு சத்தமில்லாத மத்தியானம் வேறு எங்கும் கிடைப்பது கஷ்டம். ஆனால் தரை மேடு பள்ளமாக இருக்கும், மாமியாருக்கு வேண்டாம். மழைக்குப் பிறகு புல் உயர்ந்திருக்கும்போது பூச்சிபொட்டு பயமும் உண்டு. கீழே ஒரு துண்டு ஓடு கிடந்தாலும் எடுத்து வரக் கூடாது என்று மகளுக்குச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

குளிர்காலத்தில் ஊசுடு ஏரியை விடாதீர்கள். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவாகக் கிடக்கிற ஏரி. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதில் வந்து நிறைகிறது. புதுச்சேரிப் பகுதியை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். கார்த்திகை மழை ஓய்ந்ததிலிருந்து மாசி வரை ஊசிவால் வாத்து, கூழைக்கடா, நாமக்கோழி, நாரைகள் எல்லாம் பார்க்கலாம். காலையில் சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கும்படி கிழக்குக் கரையில் நின்றால் பறவைகளின் நிறம் தெளிவாகத் தெரியும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பாகத்தான் இருக்கும். யாரிடமாவது ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் வேண்டாம், தண்ணீர் வற்றி வெறும் வெயில்தான்.

சுண்ணாம்பாறு படகுத்துறை உங்கள் வழியிலேயே, நோணாங்குப்பத்தில் இருக்கிறது. மகளுக்குப் படகு பிடிக்கும். ஆனால் ஞாயிறன்று படகுக்கு வரிசையில் நிற்பதிலேயே அரை நாள் போய்விடும், பள்ளி விடுமுறை விட்ட வார நாளில் போங்கள். ஆரோவில்லுக்கும் அதே பதில். அங்கே இருக்கும் தியான மண்டபமான மாத்ரி மந்திரைத் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கே வரவேற்பு மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும், உள்ளே போக முன்பதிவு தேவை. அலுப்பு தீர்க்கும் நாளுக்கான இடம் அதில்லை.

உங்களுக்கென்று தனியாக ஒன்று. கேள்வியில் கணவர், மகள், மாமியார் எல்லோரும் வந்துவிட்டார்கள், நீங்கள் மட்டும் பஸ்ஸில் போய்வருகிறவராக ஒரு வரியில் நின்றுவிட்டீர்கள். வாரத்தில் ஒரு நாள் பஸ் ஏறுவதற்கு முன் அரை மணி நேரத்தை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். மிஷன் வீதியில் சம்பா கோயில் என்கிற மாதா கோயில் இருக்கிறது. எந்த மதத்தவரும் உள்ளே போய்ப் பேசாமல் உட்காரலாம். வாய்க்காலைத் தாண்டினால் ரோமன் ரோலன் நூலகம், 1827-ல் தொடங்கியது. அரவிந்தர் ஆசிரமத்தின் சமாதி முற்றத்தில் யாரும் பேச மாட்டார்கள், மத்தியானம் 12 முதல் 2 வரை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரு நாள் ஒரு பஸ் தாமதமானால் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் பரவாயில்லை.

அப்புறம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும் புதுச்சேரிக்கே வர வேண்டுமா? வாரம் முழுக்க ஓடின அதே சாலையில் ஏழாவது நாளும் 22 கிலோமீட்டர் வருவது உடம்புக்கு ஓய்வாகத் தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை இருக்கிறது. நாங்கள் இங்கே இழந்த அகலமான மணல் அங்கே இருக்கிறது. காலை 6 மணிக்குப் போனால் கரை காலியாக இருக்கும், படகுகள் திரும்புவதையும் பார்க்கலாம். புனித டேவிட் கோட்டையின் மிச்சமும் அந்தப் பக்கம்தான். 1690-ல் ஆங்கிலேயர்கள் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, பீரங்கியிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் அவர்களுக்கு என்று பேச்சு. குண்டு உப்பளவாடி, குண்டு சாலை என்ற பெயர்கள் அதில் வந்தவை. தன் ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் பீரங்கிக் குண்டு இருக்கிறது என்று தெரிந்தால் 7 வயதுப் பிள்ளைக்கு அன்றைய நாள் அதிலேயே ஓடிவிடும்.

மாமியாருக்குக் கோயிலும் வேண்டும் என்றால் திருவந்திபுரம் போங்கள். தேவநாத சுவாமி கோயில் கெடிலம் ஆற்றை ஒட்டித் தரைமட்டத்தில் இருக்கிறது, முட்டிக்குத் தொந்தரவில்லை. எதிரே ஔஷதகிரியில் ஹயக்ரீவர் சன்னதிக்கு 74 படி. அதற்குக் கணவரும் மகளும் ஏறட்டும், நீங்களும் மாமியாரும் கீழேயே உட்கார்ந்திருங்கள். ஆனால் அங்கே முகூர்த்த நாளில் கல்யாணங்கள் வரிசையாக நடக்கும், உட்கார அல்ல, நிற்கக்கூட இடம் இருக்காது. கிளம்புவதற்கு முன்னால் தினசரி நாள்காட்டியை ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.