விதைக்கடை விதையை வாயில் போடாதீர்கள்: தளிர்க்கீரை கேள்வி-பதில்

முளைத்த சில நாளில் கத்தரித்துத் தின்னும் தளிர்க்கீரை, அதாவது மைக்ரோகிரீன் பற்றிப் பங்குனி பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதி ‘அழுகிவிட்டது’ என்றே தொடங்குகின்றன. மீதியில் பாதி, போன தடவை சொன்னதையே திரும்பக் கேட்பவை. இடம் இருக்கிற அளவுக்குப் பதில் சொல்கிறேன். என்ன விதை, எங்கே வாங்கியது, எந்தத் தண்ணீர், தட்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்ற நான்கையும் எழுதி அனுப்பினால் உங்களுக்கும் எனக்கும் நேரம் மிச்சம்.

கேள்வி: மாடியில் வெந்தயம் போட்டேன். இரவு முழுக்க ஊறவைத்து, தட்டில் பரப்பி, தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் நாளே கொழகொழவென்று ஆகி நாற்றம் அடிக்கிறது. எங்கே தவறு, ஐயா? (வாசகி, செல்லூர்)

பதில்: ‘தண்ணீர் குறையாமல்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே அம்மா, அங்கேதான். தேங்கிய நீரில் கிடக்கும் விதைக்கு மூச்சு முட்டும். முளைக்க வேண்டியது புளிக்கத் தொடங்கிவிடும். அதிலும் இப்போது மதுரையில் வெயில் 38, 40 டிகிரி என்று ஏறும் காலம். மாடித் தளம் அதைவிடக் கொதிக்கும்.

ஆனி முடியும் வரை மாடியை மறந்துவிடுங்கள். வடக்குப் பார்த்த ஜன்னல் ஓரமாக, அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். ஊறவைக்க நாலைந்து மணி நேரம் போதும். ஊறிய நீரைக் கொட்டி, விதையை அலசி, துணியில் தளர்வாகக் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டு நிற்கும் வரை வடியவிடுங்கள். முளை விடும் வரை நாளுக்கு மூன்று நான்கு தடவை அலசல், ஒவ்வொரு அலசலுக்குப் பின்னும் வடிப்பு. அலசுவதற்கு எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். வடிப்பதைத்தான் மறக்கிறார்கள். தண்ணீரை வடியுங்கள்.

இன்னொன்று, வெந்தயமும் கொத்தமல்லியும் குளிர்ச்சியில் வருகிறவை. ஐப்பசி முதல் மாசி வரை அவற்றின் காலம். கோடையில் பிடிவாதம் பிடிக்காமல் முளைக்கீரை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, சூரியகாந்தி என்று போங்கள்.

கேள்வி: என் கீரை வளரவே இல்லை. காரணம் என்ன? (பெயர், ஊர் இல்லை)

பதில்: முதல் பத்தியைப் படியுங்கள். எனக்கு ஜோசியம் வராது.

கேள்வி: முள்ளங்கி விதை போட்டேன். மூன்றாம் நாள் வேர் முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. தட்டோடு கொட்டிவிட்டேன். அடுத்த தடவையும் அதேதான். விதையில் கோளாறா? (வாசகர், திருநகர்)

பதில்: இரண்டு தடவையும் நல்ல பயிரைக் கொட்டியிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். முள்ளங்கியும் கடுகும் முளைத்த இரண்டாம் மூன்றாம் நாளில் வேரைச் சுற்றி மெல்லிய வெண்ணிற ரோமம் விடும். அது வேர்த்தூவி. ஈரம் தேடி வெளியே நீள்கிற வேரின் பகுதிதான். கண்ணருகே வைத்துப் பாருங்கள். தூவி ஒவ்வொரு வேரையும் தனித்தனியாகச் சுற்றியிருக்கும், விதைக்குச் சற்றுக் கீழே அடர்த்தியாக இருக்கும், தண்டில் ஏறாது. அதன்மேல் தண்ணீரைத் தெளித்தால் வேரோடு ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். ஈரம் காய்ந்ததும் மறுபடி எழும்.

பூஞ்சை அப்படி இல்லை. ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குச் சிலந்திவலை பின்னியதுபோல் தாவும். தோலிலும் தண்டிலும் படரும். தண்ணீருக்கு அசையாது. முகர்ந்தால் மக்கிய வாடை வரும். பெரும்பாலும் முளைக்காத சொத்தை விதையில்தான் ஆரம்பிக்கும். அதைப் பார்த்தால் தயங்காமல் முழுத் தட்டையும் கொட்டுங்கள். தட்டை வெந்நீரில் கழுவி ஒரு நாள் வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த விதைப்பு. விதையை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்தால் பூஞ்சை வராமல் என்ன செய்யும்?

கேள்வி: விதைத்ததுபோக இரண்டு கிலோ பாசிப்பயறு விதை மிச்சம் இருக்கிறது. லேசான இளஞ்சிவப்பு நிறம். ஒரு பிடியை நாலைந்து தடவை கழுவியதும் நிறம் போய்விட்டது. நீலச் சீட்டு உள்ள சான்று விதைதான். வீட்டில் முளைகட்டலாமா? வீணாக்க மனம் வரவில்லை. (விவசாயி, தே.கல்லுப்பட்டி)

பதில்: கூடாது. இதை எத்தனை தடவை எழுதினாலும் ஒவ்வொரு விதைப்புப் பட்டத்துக்குப் பிறகும் இந்தக் கடிதம் வந்துவிடுகிறது.

முதலில் நீலச் சீட்டு. அது விதைச் சான்றளிப்புத் துறை கொடுப்பது. இன்ன ரகம், கலப்பு இல்லை, பாசிப்பயறு என்றால் 100க்கு 75 ஆவது முளைக்கும் என்பதற்கான உத்தரவாதம். வயலுக்கான சான்று அது. தின்னலாம் என்று அதில் யாரும் எழுதித் தரவில்லை. மருந்து கலந்த விதை என்றால் பையில் மருந்தின் பெயரையும், உணவுக்கோ தீவனத்துக்கோ எண்ணெய்க்கோ பயன்படுத்தாதே என்ற எச்சரிக்கையையும் அச்சிட வேண்டும் என்று 1968ஆம் ஆண்டு விதை விதிகளே சொல்கின்றன. பையைக் கிழித்து எறிந்துவிட்டு விதையை டப்பாவில் கொட்டி வைத்தால் அந்த எச்சரிக்கையால் யாருக்கு லாபம்?

அடுத்து, நிறம். விதைநேர்த்தி செய்த, அதாவது மருந்து ஏற்றிய விதையில் சாயம் ஏற்றுவதே, சாப்பிடும் தானியத்தோடு யாரும் கலந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். நீங்கள் கழுவி எடுத்தது எச்சரிக்கையை. மருந்து போயிற்று என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. திரம், கேப்டான் போன்ற மருந்துகள் மேல்தோலில் ஒட்டியிருப்பவை. கார்பென்டாசிம், இமிடாகுளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவிப் பாய்பவை. இளஞ்செடியைப் பூச்சியும் நோயும் தாக்காமல் காக்க வேண்டும் என்றே அவற்றை விதையில் ஏற்றுகிறார்கள். அதாவது முளைத்த முதல் சில வாரங்கள்தான் அந்த மருந்துக்கு வேலை. நாம் கத்தரித்துத் தின்பதும் அதே வாரங்களில்தான். வயலில் அந்தச் செடி வளர்ந்து, பூத்து, காய்த்து, 65, 70 நாள் கழித்து நீங்கள் பறிக்கும் பயறு வேறு விஷயம். பத்து நாள் தளிரோடு அதை ஒப்பிட வேண்டாம்.

டவுனில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். விதைக்கடைக்குப் போய், பளபளக்கும் உறையில் முள்ளங்கி, கோஸ், பீட்ரூட் விதை வாங்கி வந்து மைக்ரோகிரீன் போடுகிறார்கள். உறையின் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. சில கடைகளில் உறையைப் பிரித்து எடைபோட்டுச் சில்லறையாகக் கொடுக்கிறார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். ‘சும்மா கலர்தான் சார், ஒன்றும் செய்யாது’ என்று என்னிடமே ஒரு கடைக்காரர் சொன்னார். ‘அப்படியானால் ஒரு கைப்பிடி வாயில் போட்டுக் காட்டுங்கள்’ என்றேன். அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெந்தயம், கடுகு, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, மல்லி ஆகிய ஆறும் பலசரக்குக் கடையில் சாப்பிடுவதற்கென்றே கிடைக்கின்றன. கீழமாசி வீதியில் மொத்தமாக வாங்கினால் மலிவு. விற்றுமுதல் வேகமாக இருக்கிற கடையாகப் பார்த்து வாங்கினால் விதையும் புதிதாக இருக்கும். கீரை விதை, முள்ளங்கி போன்றவற்றுக்கு ‘மருந்து கலக்காத விதை’ என்று உறையில் எழுதியிருக்க வேண்டும், அல்லது உங்களுக்குத் தெரிந்தவர் கொல்லையில் காயவிட்டு எடுத்ததாக இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு கிலோவை அடுத்த பட்டத்துக்கு வையுங்கள். முளைப்புக் குறைந்திருந்தால் கூடுதலாகத் தூவிக்கொள்ளலாம். கோழிக்கும் போடாதீர்கள்.

கேள்வி: வீட்டில் சோளம் மூட்டையாக இருக்கிறது. சோளத் தளிரை வளர்த்துச் சாப்பிடலாமா? (கல்லூரி மாணவர், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, தண்ணீர் இல்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை ஏன் அவிழ்த்துவிட மாட்டார்கள் என்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். இளஞ்சோளப் பயிரில் சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது. மூச்சுத் திணறி மாடு விழுவது அதனால்தான். சோளத்தைச் சோறாக்கிச் சாப்பிடுங்கள், தளிர் வேண்டாம். அந்த இடத்தில் கொள்ளு போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் முளைப்பாரி முழங்கை உயரம் வளர்கிறது. அதே நவதானியத்தை நான் தட்டில் போட்டு இருட்டில் வைத்தால் வெளிறிப்போய்ச் சாய்கிறது, கசக்கவும் செய்கிறது. (வாசகி, மேலூர் அருகே)

பதில்: முளைப்பாரியும் வெளிறித்தான் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. வெளிச்சம் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பதே அது உயரமாக, மஞ்சள் பாரித்து, நெருக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். வெளிச்சத்தைத் தேடித் தண்டு நீள்கிறது, பச்சையம் உண்டாவதில்லை. தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைப்பதற்கு அது அழகு. சமையலுக்குரிய பயிருக்கு முளைவிடும் முதல் இரண்டு, மூன்று நாள் மட்டும் இருட்டு போதும். அதன்பின் நல்ல வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். உச்சி வெயில் வேண்டாம், காலை வெயில் ஒரு மணி நேரம் பட்டால் நல்லது. ஒரே நாளில் பச்சை ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நவதானியக் கலவையை ஒரே தட்டில் போடாதீர்கள். கொண்டைக்கடலை தலைகாட்டுவதற்குள் பாசிப்பயறு இலை விட்டிருக்கும். முளைப்பாரி மிச்சத்தைப் பறித்துச் சமைக்கலாமா என்று சென்ற மாதம் ஒருவர் கேட்டிருந்தார். எருவும் வைக்கோலும் போட்டு வளர்த்தது அது. வேண்டாம்.

கேள்வி: ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் தட்டுகளுக்கு ஊற்றுகிறேன். நுனி கருகுகிறது. (வாசகர், கோ.புதூர்)

பதில்: போர்வெல் தண்ணீரில் இருந்த உப்பு முழுவதும் அந்தக் கழிவுநீரில்தானே வந்து சேர்கிறது? அதில் தரையைக் கழுவுங்கள். தளிருக்கு மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் நல்லது. குளோரின் வாடை அடித்தால் ஓர் இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

கேள்வி: தோப்பில் கிடைக்கிற தென்னை நார்க்கழிவை அப்படியே தட்டில் நிரப்பலாமா? (வாசகர், சோழவந்தான்)

பதில்: மூன்று நான்கு தடவை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு நிரப்பலாம். காபி நிறத்தில் வடியும் நீர் வெளுக்க வேண்டும். ஒரு கைப்பிடியை அழுத்தினால் ஒன்றிரண்டு சொட்டு விழலாம், ஒழுகினால் ஈரம் அதிகம். தண்ணீரை வடியுங்கள்.

கேள்வி: பாக்குமட்டைத் தட்டில் வளர்க்கலாமா? அது இயற்கைதானே? (வாசகி, பசுமலை)

பதில்: பூஞ்சைக்கும் அப்படித்தான் தோன்றும். அடியில் துளையிட்ட பழைய பார்சல் டப்பா போதும். மண் தட்டு வேண்டுமென்றால் மானாமதுரையில் சொல்லிச் செய்து வாங்கலாம். கோடையில் குளிர்ச்சியாக இருக்கும்.

கேள்வி: மருமகளுக்கு ஐந்தாம் மாதம். முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகத் தினமும் கொடுக்கிறேன். சத்துதானே? (வாசகி, அனுப்பானடி)

பதில்: சத்துதான். பச்சையாக வேண்டாம், அம்மா. வெதுவெதுப்பு, ஈரம், மூடிய பாத்திரம் என்று முளைக்கு எது பிடிக்குமோ அதுவே கிருமிக்கும் பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய தானியத்தைப் பச்சையாகத் தின்றதால் பரவிய ஈ.கோலி கிருமியில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையைத்தான் ஆய்வில் சுட்டிக்காட்டினார்கள். கிருமி விதையிலேயே ஒட்டிக்கொண்டு வரலாம் என்பதால், உங்கள் அடுப்படி எத்தனை சுத்தமாக இருந்தாலும் அது காப்பாற்றாது. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், நோயில் எழுந்தவர்கள் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும். தினமும் இவ்வளவு வெந்தயம் கொடுக்கலாமா என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மண்ணுக்கு மேலே கத்தரித்து எடுக்கும் தளிரில், விதையும் வேருமாகத் தின்னும் முளையைவிட ஆபத்து குறைவு. ஆனாலும் கழுவாமல் தின்னாதீர்கள்.

கேள்வி: ராஜ்மா முளைகட்டி சாலட் செய்யலாமா? தக்காளி விதையிலும் தளிர் எடுக்கலாமா? (வாசகி, கே.கே.நகர்)

பதில்: இரண்டுமே கூடாது. வேகாத ராஜ்மா நாலைந்து கொட்டை போதும், வாந்தி எடுக்க. கொதிக்கும் நீரில் நன்றாக வெந்தால்தான் அதன் நஞ்சு போகும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை இவற்றின் தளிர் சாப்பிடுவதற்கு அல்ல.

கேள்வி: கத்தரித்த பிறகு மறுபடி துளிர்க்குமா? (வாசகர், வாடிப்பட்டி)

பதில்: பட்டாணி துளிர்க்கும். மற்றவற்றுக்குக் காத்திருக்காதீர்கள், புதிதாக விதையுங்கள்.

கேள்வி: கோதுமைப்புல் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம் என்கிறார்களே? (வாசகர், தல்லாகுளம்)

பதில்: நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மைக்ரோகிரீன் வியாபாரத்தில் மாதம் ஒரு லட்சம் வருமாமே. ஓர் அறை காலியாக இருக்கிறது. (வாசகர், அவனியாபுரம்)

பதில்: ஒரு லட்சம் வருகிறதென்று சொன்னவர் தளிர் விற்கிறாரா, பயிற்சி வகுப்பு விற்கிறாரா என்று பாருங்கள். வளர்ப்பது எளிது, விற்பதுதான் பாடு. நம் ஊர் வெயிலில் வெட்டிய தளிர் இரண்டு மணி நேரத்தில் தலை சாய்ந்துவிடும். தட்டோடு கொடுத்து, வாங்குகிறவரே வெட்டிக்கொள்ளும் ஏற்பாடு பரவாயில்லை. முதலில் இரண்டு மூன்று ஓட்டல்களில் வாரம் எவ்வளவு எடுப்பார்கள் என்று பேசி முடியுங்கள், பிறகு அலமாரி வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். விதை சாப்பிடும் விதைதான் என்பதற்கு ரசீதை வைத்திருங்கள்.

கேள்வி: மல்லி மட்டும் எனக்கு வருவதே இல்லை. பதினைந்து நாள் ஆகியும் ஒன்றும் இல்லை. (வாசகி, ஆரப்பாளையம்)

பதில்: முழு மல்லியை அப்படியே போட்டிருப்பீர்கள். ஒரு மல்லி என்பது இரண்டு விதை. சப்பாத்திக் கட்டையால் மெதுவாக உருட்டி இரண்டாகப் பிளக்க வேண்டும், பொடியாக்கிவிடக் கூடாது. பிளந்ததை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நார்க்கழிவில் தூவி அரை விரல் கனத்துக்கு மூடுங்கள். குளிர்காலத்தில் எட்டு, பத்து நாளில் தலைகாட்டும். பழைய மல்லியாக இருந்தால் வராது. ஒரு பிடியை ஈரத்துணியில் சுருட்டி வைத்துச் சோதித்துவிட்டு விதையுங்கள். சித்திரையில் முயற்சி செய்து எனக்கு எழுதாதீர்கள். ஐப்பசியில் போட்டுவிட்டு எழுதுங்கள்.