கரடர்கள் ஏன் நடக்கிறார்கள்?

கேள்வி: "சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். சேர்வராயன் மலையை மனத்தில் வைத்து ஒரு மாயாலோக நாவல் எழுதுகிறேன். அதில் 'கரடர்' என்றோர் அரக்க இனம்: 11 அடி உயரம், கொம்பு, கோரைப்பல். ஓரிடத்தில் தங்காமல் அலைந்து, ஊர்களைக் கொள்ளையடித்துப் பிழைப்பவர்கள். படித்துப் பார்த்த நண்பர்கள் அவர்களை மட்டும் நம்ப முடியவில்லை என்கிறார்கள். எதை மாற்றுவது?"

கொம்பும் கோரைப்பல்லும் அப்படியே இருக்கட்டும். 'கரடு' என்ற நம் ஊர்ச் சொல்லிலிருந்து பெயர் எடுத்திருக்கிறீர்கள், அதையும் தொடாதீர்கள். முதலில் அவர்களுடைய சாப்பாட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஐந்தரை அடி மனிதனை 11 அடியாக உயர்த்தினால் நீளம், அகலம், பருமன் மூன்றும் இரட்டிக்கும். எடை எட்டு மடங்காகும். 60 கிலோ ஆள் 480 கிலோ ஆகிவிடுவான். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டோ நான்கு மடங்குதான் பெருகும். கலிலியோ 1638-இல் வெளியான நூலிலேயே இதை விளக்கிவிட்டார். ஆகவே கரடனுக்கு உரல் போலப் பருத்த கால்கள் வேண்டும். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் அவர்கள் தலைவன் பாறைக்குப் பாறை தாவுகிறான். யானையால் தாவ முடியாது. இவனையும் தாவ விடாதீர்கள். ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிய லாரி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள்: உறுமிக்கொண்டு, பிரேக் சூடேறிய வாடையோடு, அடி அடியாக. கரடனும் அப்படித்தான் மலையிறங்குவான்.

எடை எட்டு மடங்கானாலும் சாப்பாடு அவ்வளவு கூடாது. உடல் பெருக்கப் பெருக்க ஒரு கிலோ எடைக்கு ஆகும் ஆற்றல் செலவு குறையும். விலங்குகளின் உடலியலை ஆராய்ந்த மேக்ஸ் கிளைபர் 1932-இல் சொன்ன விகிதப்படி ஏறக்குறைய ஐந்து மடங்கு உணவு போதும். 60 கரடர்கள் என்றால் 300 பேருக்கு உலை வைக்கும் கணக்கு. ராகி மட்டுமே என்றால் நாளொன்றுக்கு இரண்டு குவிண்டாலுக்கு மேல். கொள்ளையடித்தால் ஒரு சிற்றூரின் குதிர்கள் சில நாட்களில் காலி. விதை ராகியும் போன ஊரில் மறு ஆண்டு யார் விதைப்பார்கள்? நண்பர்கள் நம்பாதது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர்களுக்கு ஒரு மந்தை கொடுங்கள். சேர்வராயன் காடுகளில் இன்றும் இருக்கும் காட்டெருமையைப் போன்ற மாடுகள் பொருந்தும். பாலும் கிடைக்கும், நடக்கக் காரணமும் கிடைக்கும். நாடோடிகள் கால்போன போக்கில் போவதில்லை. எந்த மாதம் எந்த ஊற்றில் தண்ணீர் என்பது அவர்களுக்கு அத்துப்படி. பெரிய உடலிலிருந்து சூடு எளிதில் வெளியேறாது என்பதால் சித்திரை வெயிலில் கரடன் சமவெளியில் சுருண்டு விழுவான். சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. மேலே ஏழெட்டு டிகிரி குறையும். ஆகவே பங்குனி முடியுமுன் ஏறியாக வேண்டும். தை அறுவடைக்குப் பிறகு இறங்கலாம்.

இறங்கி என்ன செய்வார்கள்? எருவுக்காக இரவில் வயலில் ஆடுகளை அடைத்துவைப்பதுதான் கிடை. மேச்சேரிப் பக்கம் ஒரு விடியற்காலையில் ஆட்டுக் கிடை கிளப்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆடுகள் எழுந்து போன இடம் புழுக்கையும் மூத்திரமுமாக ஈரம் காயாமல் கிடந்தது. நிலத்துக்காரர் அது உலர்வதற்குள் உழுதுவிட ஏரோடு காத்திருந்தார். கூலியாகத் தானியம் அளந்து கொடுத்தார். கரடர் மந்தையையும் அறுப்பு முடிந்த நிலத்தில் அப்படிக் கிடை போடச் செய்யுங்கள். சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்புக் கல்லை உருக்கு உலைக்குச் சுமந்து வரும் வேலையும் அவர்களுக்கு ஏற்றதே.

இன்னொன்று, மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். குறவர்கள் ஒருகாலத்தில் பொதிமாடுகளில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றினார்கள். ரயில் வந்ததும் அந்த வியாபாரம் நசிந்தது. பிறகு ஆங்கில அரசு அவர்களைக் குற்றப் பரம்பரையினர் என்று பட்டியலிட்டது. 1871-இல் பிறந்த அந்தச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நாடு முழுவதும் நீங்கியது 1952-இல்தான். அந்த முத்திரையைச் சுமந்தவர்களின் கொள்ளுப்பேரன்கள் உங்கள் நாவலையும் படிக்கக்கூடும். கரடர்களில் ஒரு திருடன் இருக்கட்டும். திருட்டை இனத்தின் ரத்தத்தில் வைக்காதீர்கள். மலையிலுள்ள மலையாளிப் பழங்குடியினரின் சாயலும் வேண்டாம். அவர்கள் அங்கேயே உழுது பயிரிடுபவர்கள்.

கொள்ளைக் காட்சியை நீக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும். ஓர் ஆண்டு மழை பொய்க்கிறது. ஊரார் பயந்துபோய் அறுத்த நிலத்தைச் சுற்றி முள்வேலி அடைத்துவிடுகிறார்கள். தை மாதம், வழக்கமான நாளில், 60 கரடர்கள் மந்தையோடு இறங்கி வந்து வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். அங்கிருந்து எழுதுங்கள்.