பிரிட்டனில் கார் லைசென்ஸ் இருக்கிறது. 50 சிசி ஸ்கூட்டர் ஓட்ட அந்த ஒரு நாள் பயிற்சி கட்டாயமா?

கேட்டவர் 2019-ல் இங்கே கார் டெஸ்ட் பாஸ் செய்தவர். அடுத்த மாதம் காலை ஷிப்ட் வேலையில் சேரப் போகிறாராம். "ஊரில் பதினைந்து வருடம் டூவீலர் ஓட்டியவனை மறுபடி எல்கேஜியில் உட்கார வைப்பது நியாயமா?" என்றும் எழுதியிருக்கிறார். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் விதி. கார் டெஸ்டை 2001 பிப்ரவரி 1-க்கு முன்னால் பாஸ் செய்தவர்கள் பயிற்சி எதுவும் இல்லாமல், எல் போர்டும் இல்லாமல் மொபெட் ஓட்டலாம். அந்தத் தேதியிலோ அதற்குப் பிறகோ பாஸ் செய்தவர்கள் சிபிடி (Compulsory Basic Training) என்ற இந்த ஒரு நாள் அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். மொபெட் என்றால் இங்கே 50 சிசிக்கு மேல் போகாத, மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டி. நீங்கள் 2019 என்பதால் உங்களுக்குக் கட்டாயம். ஆனால் கார் லைசென்ஸ் உள்ளவருக்கு ஒரு சலுகை இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. ஒருமுறை சிபிடி முடித்துவிட்டால் மொபெட்டுக்கு எல் போர்டு வேண்டாம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டாம். அதே சான்றிதழை வைத்து 125 சிசி எடுத்தால் நிலைமை வேறு. எல் போர்டு மாட்ட வேண்டும், பின்னால் ஆள் ஏற்றக் கூடாது, இரண்டு வருடத்தில் சான்றிதழ் காலாவதியாகிவிடும். இது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸுக்கான கணக்கு. வட அயர்லாந்துக்குத் தேதி வேறு.

நான் சட்டம் படித்தவள் இல்லை, நர்ஸ். கும்பகோணம் பக்கத்து ஊர். அப்பாவின் டிவிஎஸ் 50-ல்தான் ஓட்டப் பழகினேன். முன்னால் அரிசி மூட்டை, பின்னால் தம்பி என்று போனவள். லைசென்ஸ் எடுக்க மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டவள். 2016-ல் இங்கே வந்தேன், 2018-ல் கார் டெஸ்ட் பாஸ் செய்தேன். வீட்டில் ஒரே கார், கணவருக்கு நைட் ஷிப்ட். எனக்கு வார்டில் காலை ஏழரைக்கு டியூட்டி, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போக முடியாது. அதனால் 2021-ல் ஒரு பழைய 50 சிசி ஸ்கூட்டர் வாங்கினோம். உங்களைப் போலவே எனக்கும் பயிற்சி என்றதும் கோபம் வந்தது. போதாததற்கு இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், புதிதாக என்ன இருக்கப் போகிறது என்று நினைத்தேன்.

காலையில் முதலில் கண் பார்க்கிறார்கள், 20 மீட்டர் தள்ளி நிற்கும் வண்டியின் நம்பரைப் படிக்க வேண்டும். பிறகு மைதானத்தில் ஓட்டுவது. எட்டு போடச் சொன்னார்கள், போட்டேன். யூ டர்ன், திடீர் பிரேக் எதிலும் குறை சொல்லவில்லை. மத்தியானம் ரோட்டுக்குக் கூட்டிப் போனார்கள். குறைந்தது இரண்டு மணி நேரம் ரோட்டில் ஓட்ட வேண்டும். ஹெல்மெட்டுக்குள் ரேடியோ, பின்னாலேயே பயிற்சியாளர் வண்டியில் வருவார். வலதுபக்கம் திரும்பச் சொன்னார். கண்ணாடியைப் பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டேன், திரும்பப் போனேன். காதுக்குள் "ஸ்டாப்" என்று கத்தினார். நின்றேன். என் வலது முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி ஒரு பெரிய பைக் கடந்து போனது.

ஓரமாக நிறுத்தி, ஏன் தோளுக்கு மேலே திரும்பிப் பார்க்கவில்லை என்று கேட்டார். அவன் ஹாரன் அடிக்கவே இல்லையே என்றேன். அவருக்குப் புரியவில்லை. "அவன் ஏன் அடிக்க வேண்டும்?" என்றார்.

அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் தன்னை அறிவிப்பான். முன்னால் போகிறவன் காதால் ஓட்டுகிறான், முன்னால் மட்டும் பார்த்தால் போதும். இங்கே யாரும் அடிக்க மாட்டார்கள், அடித்தால் திட்டுவதாக அர்த்தம். அந்த ஹாரன் செய்கிற வேலையை இங்கே நம் கழுத்து செய்ய வேண்டும். திரும்புவதற்கு முன் கடைசியாகத் தோளுக்கு மேலே பார்க்கும் அந்தப் பார்வைக்கு லைஃப்சேவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருடம் ஓட்டியதால்தான் எனக்கு அந்தப் பார்வை வரவில்லை. புதிதாக ஓட்ட வந்த பத்தொன்பது வயதுப் பெண் என் கூடப் பயிற்சிக்கு வந்திருந்தாள். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பிப் பார்த்தாள்.

அன்று எனக்குச் சான்றிதழ் தரவில்லை. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது, தயாராகும் வரை திரும்ப வரச் சொல்வார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அடுத்த வாரம் இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டினேன், கொடுத்தார்கள்.

அழுததற்குக் காரணம் ஸ்கூட்டர் மட்டும் இல்லை. சென்னையில் ஐசியூவில் பதினோரு வருடம் வேலை செய்தவள் நான். இங்கே நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 9-க்கு 7 வேண்டும் என்றார்கள். எழுத்துப் பகுதியில் மூன்று முறை 6.5 வந்தது. ஒவ்வொரு முறையும் பத்தாயிரம் ரூபாய்க்கு நெருக்கமாகக் கட்டினேன், ஒரு தடவை வளையலை அடகு வைத்தேன். நான்காவது தடவை 7 வாங்கி வந்து சேர்ந்தேன். 2018 டிசம்பரில் எழுத்துக்கு 6.5 போதும் என்று மாற்றிவிட்டார்கள். அந்தத் தேர்வை எழுதி எழுதியே போன காலத்தை யார் திருப்பித் தருவார்கள்? நர்ஸுகளுக்கான கம்ப்யூட்டர் பரீட்சைக்கும் பெயர் சிபிடிதான். அந்த மூன்று எழுத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் "மறுபடி எல்கேஜி" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் இதெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டையும் நான் ஒன்றாகச் சொல்லவில்லை. நர்ஸ் பதிவுக்கான பரீட்சை எனக்குத் தெரிந்ததையே திரும்பக் கேட்டது. இந்த ஸ்கூட்டர் பயிற்சி எனக்குத் தெரியாததைக் காட்டியது. வெள்ளைக்காரன் சொன்னால் எல்லாம் சரியா என்று சிலர் கமெண்டில் வருவீர்கள். எனக்கும் இந்த விதியில் கோபம் இருக்கிறது, வேறு இடத்தில். என் கணவரின் அண்ணன் 1999-ல் இங்கே கார் லைசென்ஸ் எடுத்தவர். வாழ்க்கையில் டூவீலர் தொட்டதில்லை. சட்டம் அவரை நேராக ரோட்டுக்கு அனுப்புகிறது. போன வருடத்துக்கு முந்தின அக்டோபரில் ஸ்கூட்டர் வாங்கி மூன்றாவது நாள், ரவுண்டானாவில் ஈர இலையில் பிரேக் பிடித்து வழுக்கி விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. ஈர இலை, சாக்கடை மூடி, வெள்ளைக் கோடு மூன்றிலும் பிரேக் பிடிக்காதே என்று எனக்குப் பயிற்சியில் சொன்னார்கள். அவருக்குச் சொல்ல ஆள் இல்லை. 2001-க்கு முன்னால் பாஸ் செய்தவர்கள் இதைப் படித்தால், கட்டாயம் இல்லாவிட்டாலும் போய் வாருங்கள்.

பயிற்சி இல்லாமல் ஓட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதமும் லைசென்ஸில் 6 புள்ளி வரையும் விழும். கார் டெஸ்ட் பாஸ் செய்து இரண்டு வருடம் ஆகாத பிள்ளைகளுக்கு 6 புள்ளி என்றால் கார் லைசென்ஸே போய்விடும். இன்சூரன்ஸ்காரனும் கை விரிக்கலாம். சாப்பாடு டெலிவரி செய்யும் எண்ணம் இருந்தால் சாதாரண இன்சூரன்ஸ் செல்லாது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும்.

அடுத்த மாதம் வேலை என்கிறீர்கள். சனிக்கிழமை இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், இந்த வாரமே பதிவு செய்யுங்கள். ஜீன்ஸ், கணுக்கால் மூடும் ஷூ, கனமான கையுறை. லைசென்ஸ் கார்டை மறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முடித்த பிறகு அந்தச் சான்றிதழைக் கார் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள், போலீஸ் நிறுத்தினால் காட்ட அதுதான் ஆதாரம். முதல் நாளே பயிற்சியாளரிடம், ஹாரனை நம்பி ஓட்டிய ஊரிலிருந்து வருகிறேன், என் கழுத்தைக் கவனியுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.